குட்டை எலும்பின் மேல் ஏற்றிய பழி: முன்பாத வலியும் மீண்டும் வரும் அழுத்த முறிவும்

முன்பாத வலியோடு வந்தவருக்கு இரண்டாம் முறையும் அழுத்த முறிவு என்று தெரிந்தால், பலரும் முதலில் அளப்பது பாதத்தின் வடிவத்தை. பெருவிரலுக்குரிய முதல் மெட்டாடார்சல் எலும்பு குட்டையாக இருந்தால் உடற்சுமை இரண்டாம் எலும்புக்கு நகரும். அதுவே வலிக்கும் முறிவுக்கும் வேர் என்பது வாதம். டட்லி மார்ட்டன் 1935இல் எழுதிய பாதம் பற்றிய நூலிலிருந்து இக்கருத்து வலுப்பெற்றது. ஒரு முறிவுக்கே போதாத இந்த விளக்கத்தை மீண்டும் வரும் முறிவுகளுக்கும் நீட்டுகிறது ஒரு தரப்பு.

இந்த வாதத்தை உரசிப் பார்க்க உதவுவது ஆய்வாளர்கள் ஹாரிஸும் பீத்தும் 1949இல் வெளியிட்ட கட்டுரை. கனடியப் படைவீரர்கள் 3,600க்கும் மேற்பட்டோரின் பாதங்களை ஆராய்ந்த அவர்கள், ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பாதங்களில் முதல் எலும்பு இரண்டாவதைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டனர். அதற்கும் பாதக் கோளாறுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. இதை மறுப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. படையில் சேரும்போதே கடுமையான பாதக்குறை உள்ளவர்கள் விலக்கப்பட்டிருப்பர். தவிர, ஆய்வின் கேள்வி மீள்முறிவு பற்றியதும் அன்று. ஆகவே குட்டை எலும்பு எவருக்கும் தீங்கு செய்யாது என்று அக்கட்டுரையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இங்கே அவ்வளவு தேவையும் இல்லை. நடந்து திரியும் நலமான பாதங்களில் இத்தனை பரவலாக உள்ள ஓர் அமைப்பு, நோயாளியிடமும் இருப்பது எதற்கும் சான்றாகாது.

இரண்டாம் எலும்பின் தண்டு தடித்திருப்பதை மார்ட்டன் மிகைச்சுமையின் அடையாளமாகக் கொண்டார். அதே தடிப்பை, சுமைக்கு ஈடுகொடுத்து எலும்பு வலுப்பெற்றதன் அடையாளமாகவும் வாசிக்கலாம். இவ்வாசிப்பே பொருத்தமானது.

குட்டை எலும்பு வேர் அல்ல என்பதற்குக் காலக்கணக்கும் துணை நிற்கிறது. பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹவுப்ட் 1855இல் விவரித்த, பின்னர் அழுத்த முறிவு என அறியப்பட்ட பாதவீக்கம், நெடுநடை சென்ற வீரர்களுக்கு வந்தது. வளர்ச்சி நின்றபின் மாறாத எலும்பு நீளம், சில வாரப் பயிற்சிக்குள் திடீரென முறிவை உண்டாக்குமா? மாறியது சுமை. சுமை கூடும்போது பழைய எலும்பு முதலில் அரிக்கப்படுகிறது. புதியது நிரம்பி இறுகப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் எலும்பு முறிகிறது.

மீள்முறிவுக்கு இன்னொன்றும் சேர வேண்டும்: நிரம்புவதற்கான வளம் குறைதல். 2008இல் வெளியான சோதனையில், அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நாளும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டியும் தரப்பட்டன; அவர்களிடையே அழுத்த முறிவு சுமார் 20 விழுக்காடு குறைந்தது. யாருடைய பாத வடிவமும் மாறவில்லை. அச்சோதனை முன்பாதத்தை மட்டும் நோக்கியதல்ல என்பார்கள். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் முறை பாதத்துக்கு வேறு, காலுக்கு வேறு அல்ல.

பாதத்துக்கு மெத்தைத் தாங்கி கொடுப்பது வலியைத் தணிக்கும், அதைக் கொடுக்கட்டும். ஆனால் இரண்டாம் முறிவோடு வருபவரிடம் பயிற்சியை எப்போது கூட்டினார், போதிய அளவு உண்கிறாரா, பெண்ணெனில் மாதவிடாய் நின்றுள்ளதா என்று கேட்டு, வைட்டமின் டி அளவையும் பார்த்த பிறகே எலும்பின் நீளத்தை அளக்க வேண்டும்.