முன்னே நடந்தவர்கள்

மாசி மாதம் பிறந்து, மண்டைக்காட்டுப் பகவதிக்குக் கொடியேறும் நாள் நெருங்கிவிட்டால், குளச்சலிலிருந்து வரும் கடற்கரைச் சாலையிலும், திங்கள்சந்தையிலிருந்து தெற்கே இறங்கும் சாலையிலும், கிழக்கு வெளுப்பதற்கு முன்பே இருமுடி சுமந்த பெண்கள் சாரைசாரையாக நடந்து வருவதைக் காணலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் வயதில் மூத்த ஓர் அம்மாள் நடப்பார். அவருடைய நடையில் அவசரம் இராது. பின்னால் வருகிற இளம்பெண்களின் மூச்சு எங்கே வாங்கும், எந்தக் கிணற்றடியில் நிழல் இருக்கும், வெயில் ஏறுவதற்குள் எந்த ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்பதெல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தில் அவருடைய கால்களிலேயே படிந்து கிடக்கும். அவர் நின்றால் கூட்டம் நிற்கும். அவர் சரணம் விளித்தால் கூட்டம் சரணம் விளிக்கும்.

எங்கள் ஊரின் பெயரில் காடு இருக்கிறதே ஒழிய, ஊரில் இன்று காடு இல்லை. ஆடுமாடுகளின் மந்தைகள் மேய்ந்த காடு ஆதலால் மந்தைக்காடு என்றிருந்து, பின்பு மண்டைக்காடு என்று மருவிற்று என்று பெரியோர் சொல்வர். அந்தக் காட்டில் வளர்ந்த ஒரு புற்றில் குருதி கசிந்ததென்றும், அதற்குச் சந்தனம் அப்பி வழிபாடு தொடங்கிற்றென்றும் ஐதிகம். ஏறத்தாழ 15 அடி உயரமுள்ள அந்தப் புற்றே இன்றும் கருவறையில் தேவியின் திருமேனியாக விளங்குகிறது. காடு மறைந்து தென்னந்தோப்பும் தெருக்களும் வந்த பிறகும், காட்டுவழி நடப்பதற்குரிய நியமங்கள் மட்டும் இந்தக் கடலோரத்தில் அழியாமல் நின்றன என்பதுதான் வியப்பு. விரதம் இருத்தல், தலையில் கட்டுச் சுமத்தல், வழி தெரிந்த ஒருவரைப் பின்பற்றி நடத்தல் ஆகிய மூன்றும் மலை யாத்திரைக்கு உரியவை. அம்மூன்றும் அலையோசை கேட்கும் ஓர் ஊருக்கு இறங்கி வந்திருப்பதால்தான் இத்தலத்தைப் பெண்களின் சபரிமலை என்று வழங்குகிறார்கள்.

மலைகளிலுள்ள தேசியப் பூங்காக்களின் ஊடே, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் ஒரு வாரம் நடந்து திரியும் உல்லாசப் பிரயாணம் இப்போது பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்படுகிறது. அதைச் சீமையிலிருந்து காலணியோடும் கைத்தடியோடும் வந்து இறங்கிய புது வழக்கம் என்று எண்ணுவோர் பலர். நம் தென்கோடி மலைகளின் சரித்திரத்தைச் சிறிது புரட்டினால், வழிகாட்டி இன்றி எவனும் இம்மலைகளில் கால் வைத்ததில்லை என்பது தெளிவாகும். பக்தனாயினும், அரசாங்கத்து அளவையாளனாயினும், விஞ்ஞானியாயினும், முன்னே ஒருவன் நடக்கப் பின்னேதான் நடந்தான். பின்னே நடந்தவர்களின் பெயர்களை ஏடுகள் பத்திரமாக வைத்திருக்கின்றன. முன்னே நடந்தவர்களைப் பற்றியே எனக்குக் கவலை.

சபரிமலைப் பெருவழியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை எங்கள் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர் ராஜ்யத்தையும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தையும் சேர்ந்தவை. ஆகவே எங்கள் முன்னோருக்குச் சபரிமலை அயல்நாட்டு மலையன்று, சொந்த நாட்டின் வடக்குப் புறத்து மலை. நாற்பத்தொரு நாள் விரதம் முடித்துக் கட்டு நிறைக்கும்போது, முன்முடியில் நெய் நிரப்பி வாய் அடைத்த தேங்காயும் பூஜைத் திரவியங்களும், பின்முடியில் வழிக்கு வேண்டிய அரிசியும் அவலும் உப்பும் வைத்துக் கட்டுவார்கள். கடவுளுக்குரியதையும் தன் வயிற்றுக்குரியதையும் ஒரே கட்டில் இரு பாகமாக்கிக் கழுத்தின் இருபுறமும் பாரம் ஒத்து நிற்கும்படி தலையில் ஏற்றிய அந்த இருமுடியைவிடச் செவ்வையான பிரயாணப் பையை எந்தத் தேசத்து மலையேறிகளும் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. எருமேலியில் பேட்டை துள்ளி, பேரூர்த்தோடு கடந்து, காளைகட்டி வழியாக அழுதை ஆற்றில் இறங்கி, அங்கே முங்கி எடுத்த ஒரு கல்லைக் கல்லிடும் குன்றில் போட்டு, இஞ்சிப்பாறை தாண்டிக் கரிமலை ஏறி இறங்கினால் பம்பை வரும். அங்கிருந்து நீலிமலை, அப்பாச்சிமேடு, சரங்குத்தி. இவ்வளவும் யானைக்காடு. இதில் புதிதாக வருகிற கன்னிச்சாமியை நடத்திச் செல்பவர் குருசாமி. பதினெட்டு முறை மலை ஏறியவர், பதினெட்டாம் முறை தென்னங்கன்று சுமந்து சென்று நடுவது சம்பிரதாயம். அவரது அதிகாரம் கல்வியாலோ செல்வத்தாலோ வந்ததன்று. அந்த வழியைத் திரும்பத் திரும்ப நடந்ததால் மட்டுமே வந்தது. ஜாதியும் உத்தியோகமும் பார்த்துப் பழகிய அக்காலத்து நாட்டில், கரிமலை ஏற்றத்தில் தாசில்தாரும் ஒரு கொல்லரின் பின்னால் வாய் பேசாமல் நடக்க நேர்ந்திருக்கும் என்று நினைக்கும்போது, இந்த யாத்திரையின் மீது எனக்குள்ள மதிப்பு இன்னும் உயர்கிறது.

1950-இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையாயிற்று. அதன்பின் செய்த பஞ்சலோக விக்கிரகத்தை அரசியல் தலைவர் பி. டி. ராஜன் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டு சென்றதும், நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை ஐயப்பன் சரித்திரத்தை நாடகமாக நடத்தியதும் சேர்ந்துதான் பாண்டிநாட்டிலிருந்தும் சோழநாட்டிலிருந்தும் பெருங்கூட்டங்களை அம்மலைக்கு ஈர்த்தன. இதற்கிடையே காட்டின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. 1934-இல் பெரியாற்று ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் அரசு வேட்டை விலக்கிய சரணாலயமாக்கிற்று. 1950-இல் அது 777 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. ஐயப்பனின் பூங்காவனம் என்று பக்தர்கள் அழைத்த அதே காட்டுக்கு அரசாங்கமும் பின்னாளில் காவல் விதித்ததை நான் பொருத்தமாகவே கருதுகிறேன்.

சபரிமலைக்குத் தெற்கே, எங்கள் ஜில்லாவின் வடக்கு எல்லைக்கு அப்பால் நிற்பது பொதிகை. அகத்தியர்கூடம் என்று மலையாள தேசத்தார் சொல்லும் அதன் சிகரம் 1868 மீட்டர் உயரமுள்ளது. பொருநை அம்மலைத் தொடரிலிருந்துதான் கிழக்கே ஓடுகிறது, நெய்யாறும் கரமனையாறும் மேற்கே இறங்குகின்றன. ஏழாம் நூற்றாண்டில் பாரத தேசம் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தென்கோடியில் போதலகம் என்னும் மலை உண்டென்றும், அதன் பாதைகள் செங்குத்தானவை என்றும், அவலோகிதேசுவரரைத் தரிசிக்க உயிரைப் பொருட்படுத்தாமல் ஏறுவோரில் வெகு சிலரே மேலே சேர்கின்றனர் என்றும் தாம் கேட்டறிந்ததை எழுதி வைத்தார். அம்மலை பொதிகையே என்பது அறிஞர் சிலரின் துணிபு. திபெத்தின் தலைநகரில் உள்ள பெரிய அரண்மனை அந்தப் போதலகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அம்மலைக்கு வழி அறிந்தவர்கள் காணிகள். எங்கள் பேச்சிப்பாறை, கோதையாறு மலைகளிலும், எல்லைக்கு அப்பால் நெய்யாற்றுக் காடுகளிலும் வாழும் இப்பழங்குடியினர், தம் குடியிருப்பின் தலைவரை மூட்டுக்காணி என்பர். பல்வெட்டிய இரும்புக் குழலான கொக்கரையைக் கம்பியால் உரசி இரவெல்லாம் அவர்கள் பாடும் சாற்றுப்பாட்டைக் கேட்டவர் மறப்பதில்லை. ஓணத்துக்குத் தேனும் வாழைக்குலையுமாக மகாராஜாவுக்குக் காணிக்கை செலுத்தும் பாத்தியதை அவர்களுக்கு உண்டு. எதிரிகளுக்கு அஞ்சி இளமையில் காட்டில் ஒளிந்து திரிந்த, பின்னாளில் திருவிதாங்கூர் அரசரான மார்த்தாண்டவர்மாவைக் காத்தவர்கள் தங்கள் மூதாதையர் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

திருவிதாங்கூர் நாட்டை 1816 முதல் 1820 வரை அளந்த வார்டு, கானர் என்னும் இரு ஆங்கில அதிகாரிகளுக்குப் பிறகு, இம்மலையோடு மல்லுக்கு நின்றவர்களில் தலையாயவர் ஜான் ஆலன் பிரௌன். ஸ்காட்லாந்து தேசத்தவரான அவர் 1852-இல் திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். பூமியின் காந்த சக்தி கடல்மட்டத்துக்கு அருகிலும் மலையுச்சியிலும் ஒரே கணத்தில் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அறிய வேண்டுமென்ற தாகம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1855-இல் மகாராஜாவின் ஆதரவுடன் பொதிகைச் சிகரத்திலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிர்மாணித்தார். யானையும் புலியும் திரியும் காட்டில் புதிதாக வழி வெட்டி, மூச்சு முட்டும் ஏற்றத்தில், மழையும் மூடுபனியும் விலகாத உயரத்துக்கு, லேசாகத் தட்டினாலும் பழுதாகிவிடும் காந்தக் கருவிகளை மனிதத் தலைகளில் ஏற்றிக் கொண்டு சேர்த்தார்கள். கீழே திருவனந்தபுரத்திலும் மேலே சிகரத்திலும் ஒரே நாழிகையில் ஊசியின் அசைவைக் குறித்த அந்தக் கணக்குகள் 1874-இல் லண்டனில் பெரும் புத்தகமாக அச்சேறின. பிரௌன் 1865-இல் நாட்டை விட்டுப் போனார். சிகரத்து நிலையம் மழைக்கும் காற்றுக்கும் இரையாயிற்று. அவருடைய உழைப்பை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அந்தக் காந்த ஊசியைச் சுமந்துகொண்டு, வழுக்குப் பாறையில் முதல் அடியை எடுத்து வைத்தவன் யார் என்று எவரும் சொல்ல நான் கேட்டதில்லை.

போனக்காட்டிலிருந்து அதிருமலை வழியாக அச்சிகரத்துக்கு நானும் ஒருமுறை சென்றிருக்கிறேன். எங்களுக்கு முன்னே ஒரு காணி இளைஞர் நடந்தார். வெறுங்கால், இடுப்பில் ஒரு வெட்டுக்கத்தி. அவ்வழியிலுள்ள ஏற்றங்களுக்கு ஏழுமடக்குத்தேரி என்றும் முட்டிடிச்சான்தேரி என்றும் பெயர். ஏறுகிறவனின் முழங்கால் அவன் நெஞ்சையே வந்து இடிக்கும்படியான ஏற்றத்துக்கு, நடந்து நொந்தவனைத் தவிர வேறு யார் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்? ஒரு மூங்கில் புதரருகே அவர் சட்டென்று நின்று, பின்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை. அவர் மூக்கை மட்டும் லேசாக உயர்த்திக் காற்றை இழுத்தார். கால் மணி நேரம் அப்படியே நின்றோம். பிறகு நாலடி முன்னே சென்று, பாதையில் கிடந்த லத்தியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “போயாச்சு” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்தான் எங்களுக்கு யானையின் வாடை தெரிந்தது.

1987-இல் இதே மலைகளில் தாவரங்களை ஆராய வந்த விஞ்ஞானிகள் ஏறி ஏறிக் களைத்துப்போக, வழிகாட்டி வந்த காணிகளோ சிறிதும் சோர்வின்றி ஏதோ ஒரு காயை மென்றுகொண்டே நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய். அதை ஆதாரமாகக் கொண்டு பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் செய்த ஜீவனி என்னும் மருந்தின் உரிமைப் பணத்தில் பாதி காணிகளுக்கு உரியதென்று தீர்மானமாகி, 1997-இல் அவர்கள் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனமும் பதிவாயிற்று. வழிகாட்டியின் அறிவுக்குப் பங்கு உண்டென்று சட்டபூர்வமாக ஒப்புக்கொண்டதற்கு உலகில் முதன்முதலில் காட்டும் உதாரணங்களில் இதுவும் ஒன்று. கிடைத்த தொகை பெரிதன்று. ஆயினும் பிரௌனின் காலத்தில் நிகழாத காரியம் இது.

அண்மைக் காலத்துச் செய்திகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடைக் காய்ச்சலில் புல் எப்போது பற்றும், காற்று எப்பக்கம் திரும்பும் என்பது அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரிவதுபோல், பட்டணத்தில் கூடிப் புறப்படுகிற கூட்டத்துக்குத் தெரியாது. அதன்பின் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது; 2024-இல் நாற்பது மலைவழிகளைத் தானே ஏற்று, மலைக்கிராமத்து இளைஞர்களைப் பழக்கி வழிகாட்டிகளாக அமர்த்தியது. எங்கள் ஜில்லாவின் காளிகேசம் வழியும் அவற்றுள் ஒன்று.

அகத்தியர்கூடத்துக்குப் பெண்கள் ஏறக்கூடாதென்ற தடை நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கி, 2019 ஜனவரியில் அவர்கள் முறைப்படி ஏறத் தொடங்கினர். காணிகள் வருந்தினர், அம்மலை அவர்களுக்குக் கோயில். திறந்தது நியாயம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் யுகயுகமாக அவ்வழியைக் காத்தவர்களிடம் முன்கூட்டியே அமர்ந்து பேசியிருந்தால், அந்த மனத்தாங்கல் பாதியாகக் குறைந்திருக்கும். மலைகள் மூடிக் கிடந்த அந்நீண்ட காலத்தில் எங்கள் பெண்கள் வாளா இருக்கவில்லை. கட்டுக் கட்டி, விரதமிருந்து, தங்களுக்குள்ளேயே ஒரு மூத்தவளை முன்னே நிறுத்திக்கொண்டு, கடலை நோக்கி நடந்தார்கள்.

போன மாசியில், பகவதிக்கு நேர்ச்சையான மண்டையப்பம் செய்து முடித்துக் கடல் குளிக்க இறங்கிய ஒரு கூட்டத்தின் பின்னால் நானும் நடந்தேன். எங்கள் கரையிலும் அடுத்துள்ள மணவாளக்குறிச்சிக் கரையிலும் மணல் கறுப்பாக இருக்கும். மலைப்பாறைகள் பொடிந்து, மழையிலும் ஆற்றிலும் உருண்டு வந்து சேர்ந்த மணல் அது.  பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்கள். முன்னே வந்த அம்மாள் முழங்காலளவு நீரில் போய் நின்று, வலக்காலால் அடிமணலைத் துழாவிப் பார்த்தார். பிறகு திரும்பாமலே கையசைத்துக் கூப்பிட்டார்.

“வாங்க மக்களே. அலைக்கு முதுகக் காட்டப்பிடாது, கேட்டியளா?”