கடலடியின் எதிரொலி: பிழை களைந்த வரலாறு

பானை வாங்கச் செல்பவர் விரலால் அதனைச் சுண்டிப் பார்ப்பார். ஓசை கணீரென்று எழுந்தால் நல்ல பானை. மழுங்கி ஒலித்தால் எங்கோ கீறல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கீறலைச் செவி காட்டிக் கொடுக்கின்றது. கடலடியில் பாறை அடுக்குகளுக்குள் மறைந்து கிடப்பவற்றை அறிய அறிவியலார் கையாளும் முறையும் இதுவே. நீரில் ஓசை எழுப்புகின்றனர். அது கடற்றரையினுள் புகுந்து, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பகுதி பட்டுத் திரும்புகின்றது. திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு அடுக்கின் ஆழத்தைக் கணக்கிடுகின்றனர். இதற்குக் கடல் நிலவதிர்வு அளவை என்று பெயர்.

சொல்வதற்கு எளிது, செம்மையாகச் செய்வது அரிது. பாறையில் ஒலியின் வேகம் நொடிக்கு 3,000 மீட்டர் எனக் கொள்வோம். எதிரொலியின் நேரத்தில் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு பிழைபட்டால், ஆழத்தில் 30 மீட்டர் பிழை நேரும். அதை நம்பித் துளையிட்டால் எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் உப்புநீர் வரலாம். எதிர்பாராத ஆழத்தில் அழுத்தம் மிக்க வாயு குறுக்கிட்டால், மேடையில் வேலை செய்வோரின் உயிருக்கே ஊறு நேரும். ஆகவே, இவ்வளவையில் பிழை களைந்த வரலாறு வெறும் கருவிகளின் வரலாறு அன்று.

ஒலியின் வேகம்

நேரத்தை ஆழமாக மாற்றவேண்டுமானால் முதலில் ஒலியின் வேகம் தெரியவேண்டும். 1826ஆம் ஆண்டில் கொலாடன், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனிவா ஏரியில் இதனை அளந்தனர். ஒரு படகில் நீருக்குள் தொங்கிய மணியை அடித்த அதே கணத்தில், மேலே வெடிமருந்து பளிச்சென்று எரிந்தது. 13 கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு படகில், நீரில் அமிழ்த்திய குழாயில் காதை வைத்துக் கொலாடன் காத்திருந்தார். ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரம் ஒன்பது நொடிக்குச் சற்று மேல். ஒலியின் வேகம் நொடிக்கு 1,435 மீட்டர் எனத் தெரிந்தது. இன்றைய கணக்கும் இதை மிக நெருங்கியதே. கடல்நீரிலோ உப்பும் வெப்பமும் ஆழமும் அவ்வேகத்தை மாற்றுகின்றன. ஏறத்தாழ 1,500 மீட்டர் எனக் கொள்ளலாம்.

1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபின் பனிப்பாறையை முன்னறியும் வழியைப் பலர் தேடினர். 1914இல் ரெஜினால்ட் பெசண்டன் தம் கருவியால் மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைக் கேட்டார். கடற்றரையின் எதிரொலியையும் கேட்டார். 1925 முதல் 1927 வரை ‘மீட்டியோர்’ என்னும் ஜெர்மன் கப்பல் தென் அட்லாண்டிக்கில் பல்லாயிரம் இடங்களில் ஆழம் கண்டது.

தரைக்குள் புகுந்த ஒலி

தரையின் ஆழம் கண்டவர்கள் அடுத்துத் தரைக்குள்ளே நோக்கினர். 1921இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் கார்ச்சர் குழுவினர் நிலத்தடிப் பாறைகளின் எதிரொலியைப் பதிவு செய்தனர். 1935இல் மாரிஸ் யூயிங், ‘அட்லாண்டிஸ்’ கப்பலில் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் சென்று வெடி வைத்து ஆராய்ந்தார். கரையிலிருந்து செல்லச்செல்லப் படிவுகள் தடித்துச் செல்வதை அவர் கண்டார். 1947இல் மெக்சிகோ வளைகுடாவில், கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. சரவாக்கில் 1910இல் மிரி நிலத்தில் எண்ணெய் எடுத்தவர்கள், 1963இல் பாராம் கடற்பகுதியில் எண்ணெய் கண்டனர். கடல் அளவைக்குத் தேவை பெருகியது. அதன் பிழைகளும் வெளிப்பட்டன.

மூன்று பொய்க்குரல்கள்

முதற்பிழை குமிழியால் வந்தது. நீருக்குள் வெடித்த மருந்து வாயுக் குமிழியாக விரிகின்றது. சுற்றியுள்ள நீர் அதை அமுக்குகின்றது. அது மீண்டும் விரிகின்றது. ஒவ்வொரு முறையும் ஓர் ஓசை. ஒரு வெடிக்குப் பல ஓசை எழுந்தால், ஓர் அடுக்கு பல அடுக்குகளாகத் தோன்றும். வாயு மேலே பீறிட்டுப் போகுமாறு ஆழமின்றி வெடித்துப் பார்த்தனர், ஆற்றல் வீணாயிற்று. மீன்களும் மடிந்தன.

1960களில் செல்மின்ஸ்கி உருவாக்கிய காற்றுத் துப்பாக்கி பரவியது. அழுத்தி அடைத்த காற்றை அது ஒரே கணத்தில் நீருக்குள் விடும். இதிலும் குமிழி உண்டு. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஒரே வகையாகவே அது விரிந்து சுருங்கும். சிறியதும் பெரியதுமான துப்பாக்கிகளை ஒருங்கே இயக்கினால், முதல் ஓசைகள் ஒன்றுகூடி வலுக்கும். குமிழி ஓசைகள் வெவ்வேறு நேரத்தில் எழுந்து ஒன்றையொன்று அழிக்கும். ஒழுங்கான பிழையைத் திருத்தலாம். ஒழுங்கற்ற பிழையைத் திருத்துவது அரிது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் பிழை நீரடுக்கினுள் அகப்பட்ட ஒலி. பாரசீக வளைகுடா போன்ற ஆழங்குறைந்த, தரை கடினமான கடலில் ஒலி மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையே பந்துபோல் மோதிக்கொண்டே இருக்கும். பதிவுகள் ஒரே சுருதியில் பாடுவன போலிருக்கும். ஆழத்திலிருந்து வரும் மெல்லிய எதிரொலி அதில் மூழ்கிவிடும். இங்கே உதவியது கணிதம். நீரின் ஆழம் 30 மீட்டரானால், நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை அவ்வோசை திரும்பும். திரும்பும் ஒழுங்கு தெரிந்தால் அதைக் கழித்துவிடலாம் அன்றோ? 1950களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்டர்ஸ் ராபின்சன், நார்பர்ட் வீனரின் கணிதத்தைத் துணைகொண்டு, பதிவில் கலந்த ஓசைகளைக் கணக்கால் பிரிக்கும் வழி கண்டார். நீரடுக்கு முழக்கத்தை நீக்கும் முறையை மைலோ பாக்கஸ் 1959இல் வெளியிட்டார்.

மூன்றாம் பிழை கடலின் மேற்பரப்பால் வந்தது. ஒலிக்கு நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி. கப்பல் இழுத்துச் செல்லும் நீண்ட வடத்தில் ஒலிவாங்கிகள் வரிசையாக உள்ளன. கீழிருந்து வரும் எதிரொலி அவற்றைக் கடந்து மேலே சென்று, தலைகீழாகத் திரும்பி மீண்டும் அவற்றை அடைகின்றது. வடம் 7.5 மீட்டர் ஆழத்தில் இருந்தால், நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலி இவ்வாறு அழிந்துவிடும். வடத்தை மேலே கொணர்ந்தால் அலையின் இரைச்சல். ஆழ்த்தினால் மேலும் பல ஒலிகள் இழப்பு. அழுத்தத்தை மட்டுமன்றி நீரின் அசைவையும் உணரும் வடம் 2007இல் அறிமுகமானது. எவ்வொலி கீழிருந்து வந்தது, எது மேலிருந்து திரும்பியது என்பதை இரண்டையும் ஒப்பிட்டுப் பிரிக்க முடிந்தது.

பன்முறை கேட்டலும் இடமறிதலும்

ஹாரி மேய்ன் 1950இல் உரிமை கோரி, 1956இல் பெற்ற முறை மற்றொரு திருப்பம். நிலத்தடியின் ஒரே புள்ளியை வெவ்வேறு தொலைவுகளிலிருந்து பலமுறை கேட்டு, நேர வேறுபாட்டைத் திருத்திக் கூட்டுவது அம்முறை. மெய்யான எதிரொலி எல்லாப் பதிவுகளிலும் உண்டு, ஆகவே வலுக்கின்றது. தற்செயலான இரைச்சல் தேய்கின்றது. 24 பதிவுகளைக் கூட்டினால் தெளிவு ஏறத்தாழ ஐந்து மடங்காகும். அந்நேர வேறுபாடே பாறையில் ஒலியின் வேகத்தையும் காட்டிக் கொடுக்கின்றது.

எதிரொலி சரியாக இருந்தும், கேட்ட இடம் தவறானால் பயனில்லை. கப்பல் ஓடிக்கொண்டே இருக்கிறது; பல கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தை நீரோட்டம் ஒருபுறம் தள்ளுகிறது. முற்காலத்தில் கரையிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கொண்டு கப்பலின் இடத்தைக் கணித்தனர். 1995இல் முழுமை பெற்ற ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் இக்குறையைப் பெரிதும் போக்கின. வடத்தின் வளைவை அறிய அதில் திசைகாட்டிகளும் பொருத்தப்பட்டன. 1970களில் தொடங்கிய முப்பரிமாண அளவைக்கு இவ்விடத் துல்லியம் இன்றியமையாதது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை தெளிவு. அளவையின் செம்மை, ஓசையைப் பெரிதாக்கியதால் மட்டும் வரவில்லை. குமிழி, முழக்கம், மேற்பரப்பின் மறுபிம்பம், தவறான இடம் ஆகிய நான்கும் நிலத்தின் குறைகள் அல்ல. கேள்வி கேட்டவன் எழுப்பிய ஓசையும் அவன் நின்ற நிலையும் விளைவித்தவை. தன் குரல் எது, நிலத்தின் மறுமொழி எது என்று பிரித்தறிந்த அளவிற்கே படம் தெளிந்தது. கடலில் அவ்வோசையைக் கேட்கும் உயிர்கள் வேறும் உண்டு என்பதும் பின்னர் உணரப்பட்டது. திமிங்கிலங்கள் விலகிச் செல்ல இடம்விட்டு, ஓசையைச் சிறுகச் சிறுக உயர்த்தவேண்டும் என்னும் நெறிமுறை 1995இல் பிரிட்டனில் வெளிவந்தது.

இத்தனைக்குப் பின்னும் இறுதித் தேர்வு துளையிடும் கருவியிடமே உள்ளது. கணித்த ஆழமும் கண்ட ஆழமும் வேறுபட்டால், அவ்வேறுபாட்டைக் கொண்டு கணக்கைத் திருத்துகின்றனர். பிழையை மறைப்பவனுக்கு அது இழப்பு. ஆராய்பவனுக்கு அதுவே அடுத்த பாடம்.