சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: இடைவழியில் நழுவும் இடஒதுக்கீடு

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் அடுத்தடுத்த ஊர்கள். பிள்ளைச்சாவடியில் இருப்பது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1984இல் பொறியியல் கல்லூரியாக நிறுவப்பட்ட அது 2020இல் பல்கலைக்கழகமாயிற்று. காலாப்பட்டில் இருப்பது மத்தியப் பல்கலைக்கழகமான புதுவைப் பல்கலைக்கழகம். நகரின் இலாசுப்பேட்டையில், 1995இல் தொடங்கப்பட்ட சமுதாயக் கல்லூரி இருக்கிறது. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரியாக அது குறிப்பிடப்படுகிறது. மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கும் அதே பகுதியில்தான் உள்ளது.

குறைந்த காலத்தில், குறைந்த செலவில், ஒரு வேலைக்கான சான்றிதழ் என்பதால் பட்டயப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் தலித் குடும்பங்கள் பல. அந்தப் பட்டயம் பட்டத்துக்கான படிக்கட்டா, அல்லது அதற்கு மேல் ஏறவிடாத சுவரா என்பதே கேள்வி. அதற்கான சட்ட நிலையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

திறந்திருக்கும் வழிகள்

முதலாவது, நேரடி இரண்டாம் ஆண்டுப் பொறியியல் சேர்க்கை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகளின்படி, பட்டயத் தேர்வில் 45 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் இதற்குத் தகுதியுடையவர்கள். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு போதும். பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பாலிடெக்னிக் பட்டயம் மட்டுமன்றி, அதே துறையிலோ அதனை ஒட்டிய துறையிலோ பெற்ற தொழிற்கல்விப் பட்டயமும் இந்த விதிகளில் இடம்பெற்றுள்ளது. இவ்வாறு வருவோருக்குக் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் போன்றவற்றில் இணைப்புப் பாடம் நடத்தவேண்டும் என்றும் விதி கூறுகிறது. புதுச்சேரியில் இச்சேர்க்கையை நடத்துவது சென்டாக்.

இரண்டாவது, 2020 தேசியக் கல்விக் கொள்கை வகுத்த வழி. ஓராண்டு முடித்தால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் சிறப்புப் பட்டம். இடையில் வெளியேறியவர் மீண்டும் வந்து சேரலாம். அவர் ஈட்டிய கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க 2021இல் கல்விக் கிரெடிட் வங்கிக்கான ஒழுங்குமுறை வந்தது.

இடைவெளி எங்கே?

கிரெடிட் வங்கி மதிப்பெண்ணைக் காக்கும், இருக்கையைக் காக்காது. சேமித்த கிரெடிட்டுடன் வரும் மாணவருக்கு இடம் தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. வெளியேறும் கதவு எல்லோருக்கும் ஒன்றே என்பார்கள். கட்டணம் செலுத்த முடியாதவரும், வேலைக்குப் போயாக வேண்டியவரும், வகுப்பில் சாதி இழிவைச் சந்தித்தவருமே அதன் வழியே முதலில் வெளியே போவார்கள். பட்டியலின மாணவர் ஒருவர் இரண்டாம் ஆண்டில் வெளியேறினால், அந்த இடம் மூன்றாம் ஆண்டில் வேறொரு பட்டியலின மாணவருக்கே போய்ச் சேருமா? முதலாண்டில் மட்டும் ஒதுக்கீட்டைக் கணக்கிட்டு நிறுத்திக்கொண்டால், நான்காம் ஆண்டில் அது வெறும் எண்ணாகவே எஞ்சும்.

2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டம், ஒவ்வொரு பாடப்பிரிவிலும் ஆண்டுதோறும் அனுமதிக்கப்பட்ட இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்குகிறது. 'சேர்க்கை' என்பது முதலாண்டுச் சேர்க்கை மட்டுமே என்று அச்சட்டம் சொல்லவில்லை. எனவே இடைநிலையில் நிரப்பப்படும் இடங்களுக்கும் அது பொருந்தும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

எல்லைக்கோடு எழுப்பும் சிக்கல்

பிள்ளைச்சாவடியிலிருந்து சற்று நகர்ந்தாலே தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி இன்னொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கின் தீர்ப்பும் அதனை உறுதிசெய்தது. புதுச்சேரிக்கென 1964இல் தனிப் பட்டியல் ஆணை பிறப்பிக்கப்பட்டுள்ளது. இதன் விளைவு என்ன? விழுப்புரம் மாவட்டத்துச் சான்றிதழ் வைத்திருக்கும் மாணவி, காலாப்பட்டின் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பட்டியல் சாதி ஒதுக்கீட்டைக் கோரலாம். அதே மாணவி பக்கத்து ஊரான பிள்ளைச்சாவடியில், யூனியன் பிரதேசத்தின் பட்டியல் சாதி ஒதுக்கீட்டைக் கோர முடியாது. மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் முன்னரே எந்தப் பட்டியல், எந்த ஒதுக்கீடு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

உதவித்தொகையும் சான்றிதழ்களும்

மத்திய அரசின் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 இலட்சம் ரூபாய். கல்வியில் ஒரு நிலையை முடித்தவர், அதே நிலையில் வேறு பாடம் படித்தால் உதவித்தொகை கிடையாது என்பது அதன் விதி. பட்டயத்திலிருந்து பட்டத்துக்குப் போவது மேல்நிலைக்கான நகர்வு. அதனை 'அதே நிலை' என்று யாரேனும் மறுத்தால், காரணத்தை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்கும்போது மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை அதனைத் தடைசெய்கிறது.

கேட்கவேண்டியவை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010இல் இயற்றிய சட்டம், மாற்றத்துக்கென வகுக்கப்பட்ட ஈராண்டுப் பட்டத்தைச் சமுதாயக் கல்லூரியில் முடித்தவருக்கு, மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உண்டு என்று உறுதியளித்தது. நம் நாட்டில் இருப்பது வாய்ப்பு. அங்கே எழுதப்பட்டது உறுதி. அந்த உறுதியை நாமும் கோரவேண்டும்: இடைநிலை இடங்களின் எண்ணிக்கை பிரிவுவாரியாக அறிவிக்கப்பட வேண்டும், பட்டியலினத்தவர் விட்டுச்சென்ற இடம் பட்டியலினத்தவருக்கே நிரப்பப்பட வேண்டும், எந்தப் பட்டயத்துக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்ற அட்டவணை சேர்க்கைக்கு முன்பே வெளியாக வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ள கருவி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கடந்த ஐந்தாண்டுகளில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் காலியான இடங்கள் எத்தனை, எந்தப் பிரிவினர் விட்டுச்சென்றவை, யாரைக்கொண்டு நிரப்பப்பட்டன என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள். 30 நாட்களில் பதிலளிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமும் இல்லை. அந்தப் பதில்களே நாளைய வழக்கின் சான்றாவணங்கள்.