தீயணைப்பு வீரரின் வாக்கி-டாக்கி உங்க ஆபீஸ் பேஸ்மென்ட்டில் வேலை செய்யுமா? பெங்களூரை வைத்து ஒரு விளக்கம்

பேஸ்மென்ட் இரண்டாம் தளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, லிஃப்ட் வரும்வரை ஃபோனைப் பார்க்கிறீர்கள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. உங்களுக்கு அது அரை நிமிட எரிச்சல், அவ்வளவுதான். அதே இடத்தில், புகைக்கு நடுவே, முகக்கவசம் போட்டு, கையில் ஹோஸ் பிடித்து நிற்கும் ஒரு தீயணைப்பு வீரரை நினைத்துப் பாருங்கள். வெளியே நிற்கும் அதிகாரி "தளம் தாங்காது, எல்லாரும் வெளியே வாங்க" என்று சொன்னால் அது அவர் காதுக்கு எட்டுமா? அவர் "இங்கே மூணு பேர் மாட்டிக்கிட்டு இருக்காங்க" என்று சொன்னால் வெளியே கேட்குமா?

இது கவரேஜ் பற்றிய கேள்வி. இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அவர் பேச்சு மேலே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர், ஆம்புலன்ஸ் ஊழியர், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பெஸ்காம் ஆள், இவர்களுக்கெல்லாம் அது நேரடியாகக் கேட்குமா, இல்லை யாராவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமா? துறை தாண்டிப் பேச முடிவதைத்தான் இன்டர்ஆப்பரபிலிட்டி என்கிறார்கள். பேரு பெருசு, விஷயம் இவ்வளவுதான்.

பெங்களூருக்கு ஏன் இந்தக் கேள்வி?

2010 பிப்ரவரி 23. பழைய விமான நிலைய சாலையில் ஏழு மாடி கார்ல்டன் டவர்ஸ். மின்கம்பிகள் போகும் குழாய்ப் பாதையில் பிடித்த தீ பெரிதாகப் பரவவில்லை, புகைதான் மாடி மாடியாக ஏறியது. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. 9 பேர் இறந்தார்கள், அவர்களில் சிலர் ஜன்னலிலிருந்து குதித்தவர்கள். பூட்டிய கதவுக்கு ரேடியோ மருந்தில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மாதிரி ஒரு மாலையில் எந்தப் படிக்கட்டு திறந்திருக்கிறது, எந்த மாடி ஜன்னலில் ஆட்கள் நிற்கிறார்கள், ஏணி எந்தப் பக்கம் வரவேண்டும் என்கிற தகவல்கள் நொடிக்கணக்கில் கைமாறியாக வேண்டும்.

2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரி எரிந்தது. ஆமாம், ஏரிதான். அப்போது தீயணைப்புத் துறையோடு ராணுவ வீரர்களும் ஆயிரக்கணக்கில் களமிறங்கினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 23, அதே தேதி, எலஹங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சியின் பார்க்கிங்கில் சுமார் 300 கார்கள் சாம்பலாயின. அங்கே விமானப்படை, மாநிலத் தீயணைப்பு, போலீஸ் மூன்றுமே இருந்தன. பெரிய விபத்து எதுவும் ஒரே ஒரு துறைக்கு மட்டும் வருவதில்லை.

இந்த ஊரில் யார் யாருக்குக் கீழே என்று பார்த்தால் தலை சுற்றும். மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியுடையது. பெங்களூரில் அது கர்நாடக மாநிலத் தீயணைப்பு மற்றும் அவசர சேவைத் துறை. போலீஸ் தனி, 108 ஆம்புலன்ஸ் தனி, மெட்ரோ தனி நிறுவனம், தண்ணீர் வாரியம் தனி. 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. பொதுமக்கள் கூப்பிடுவதற்கு 112 என்று ஒரே எண் வந்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் 112 சேர்ப்பது உங்களையும் கட்டுப்பாட்டு அறையையும். சம்பவ இடத்தில் நிற்கும் இரண்டு துறை ஆட்களை ஒருவரோடு ஒருவர் சேர்ப்பது அதன் வேலை இல்லை. இதை நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஃபோன் இருக்கே, வாட்ஸ்ஆப் இருக்கே?

நண்பர்களிடம் இந்தத் தலைப்பைச் சொன்னதும் முதலில் வந்த கேள்வி இதுதான். ஃபோன் ஒருவரை ஒருவரோடு இணைக்கிறது. வாக்கி-டாக்கியில் பட்டனை அழுத்தினால் அந்த சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். தடித்த கையுறையோடு டச் ஸ்கிரீனைத் திறக்க முடியாது. பெரிய விபத்து நடந்தால் அந்தப் பகுதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசுவார்கள், டவர் திணறும். மின்சாரம் போனால் டவரின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை. நெட்வொர்க்கே இல்லாவிட்டாலும் இரண்டு கைக்கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும், அதுதான் ரேடியோவின் பெரிய பலம்.

ஒரே ரேடியோ இருந்தும் பேசாதவர்கள்

நியூயார்க், 2001 செப்டம்பர் 11. 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு உலக வர்த்தக மையத்தில் தீயணைப்புத் துறைக்காக ஒரு ரிப்பீட்டர், அதாவது பலவீனமான சிக்னலை வாங்கிப் பெருக்கி அனுப்பும் கருவி, வைத்திருந்தார்கள். அன்று காலை அதை முழுமையாக இயக்க இரண்டு பட்டன்களை அழுத்த வேண்டும். இரண்டாவது அழுத்தப்படவில்லை. கருவி வேலை செய்யவில்லை என்று நினைத்து வட கோபுரத்தில் இருந்த அதிகாரிகள் அதைக் கைவிட்டார்கள். தெற்குக் கோபுரம் 9:59-க்கு விழுந்தது. அதன்பிறகு வட கோபுரமும் நெடுநேரம் நிற்காது என்று போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து எச்சரிக்கை வந்தது. அது போலீஸ் ரேடியோவில் வந்தது, தீயணைப்பு அதிகாரிகளிடம் அந்த அலைவரிசை இல்லை. 10:28-க்கு வட கோபுரம் விழுந்தது. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை இழந்தது 343 பேரை. அத்தனை மரணத்துக்கும் ரேடியோ காரணமில்லை. ஆனால் தகவல் வானத்தில் இருந்தது, தேவைப்பட்டவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

"சரி, எல்லாருக்கும் ஒரே ரேடியோ வாங்கிக் கொடுத்துட்டா முடிஞ்சுதே?" இதற்குப் பதில் மான்செஸ்டர். 2017 மே 22 இரவு, அரங்கக் குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். பிரிட்டனில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுமே ஏர்வேவ் என்கிற ஒரே டிஜிட்டல் வலையமைப்பில்தான் இருந்தன. ஆனாலும் தீயணைப்பு வண்டிகள் அரங்குக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. துறைகளுக்குப் பொதுவான பேச்சுக்குழு அன்று சரிவரப் பயன்படவில்லை. தாக்குதல்காரர் இன்னும் சுற்றுகிறாரா என்ற குழப்பத்தில் தீயணைப்புப் படை தள்ளி நின்று காத்திருந்தது.

அதனால்தான் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இதை மதிப்பிடும்போது தொழில்நுட்பத்தை ஐந்தில் ஒன்றாகத்தான் வைக்கிறது. மற்ற நான்கு: யார் தலைமையில், எந்த நடைமுறைப்படி, எவ்வளவு பயிற்சியோடு, எத்தனை முறை பயன்படுத்தி. என் கணக்கில் கடைசிதான் முக்கியம். கணேஷ் சதுர்த்தி ஊர்வலத்திலும் எம்.ஜி. ரோடு புத்தாண்டு இரவிலும் பொது சேனலைப் பயன்படுத்திப் பழகாதவர்கள், தீ எரியும்போது அதைத் தேடிப் பிடிக்க மாட்டார்கள்.

கவரேஜை எப்படி அளக்கிறார்கள்?

இங்கேதான் என்னைப் போன்ற டேட்டா ஆட்களுக்கு வேலை. "நகரத்தில் 95 சதவீத கவரேஜ்" என்று ஒரு அறிக்கை வந்தால் உடனே கேட்க வேண்டியது, எதில் 95?

பிபிஎம்பியாக இருந்தபோது நகரத்தின் பரப்பு சுமார் 710 சதுர கிலோமீட்டர். அரை கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 2,800-க்கு மேல் வரும். 95 சதவீதம் பாஸ் என்றால் ஏறக்குறைய 140 கட்டங்கள் ஃபெயில். அவை எங்கே என்பதை சதவீதம் சொல்லாது. காலி நிலத்தில் இருந்தால் பரவாயில்லை. ஏரியில் இருந்தால்? பெல்லந்தூருக்குப் பிறகு அதையும் விட்டுவிட முடியாது. சிக்பேட்டையின் நெருக்கமான கடைத்தெருவிலும் பீன்யா தொழிற்பேட்டையிலும் இருந்தால் அந்த 95-க்கு அர்த்தமே இல்லை. பரப்பளவை வைத்துப் பார்ப்பதை விட, கடந்த ஐந்தாண்டு தீ அழைப்புகள் எங்கிருந்து வந்தன என்ற பட்டியலை வைத்து எடை போடுவதுதான் நேர்மையான கணக்கு.

இன்னொரு பொறி உண்டு. சோதனையை வண்டியில் சுற்றி வந்து செய்தால் ரிசல்ட் எப்போதும் அழகாக வரும். வண்டி ரேடியோவின் சக்தி 25 வாட் அல்லது அதற்கு மேல், ஆன்டெனா கூரைமேல் நிற்கிறது. வீரரின் இடுப்பில் தொங்கும் கைக்கருவி 4, 5 வாட்தான், அதிலும் ஒரு பங்கை உடம்பே விழுங்கிவிடும். கட்டுப்பாட்டு அறை பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது அங்கே கேட்காது. இந்த ஒருவழிப் பாதையைக் கண்டுபிடிக்க இரண்டு திசையிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

கட்டடத்துக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். சிக்னலை டெசிபலில் அளப்பார்கள். 10 டெசிபல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு. ஒரு கான்கிரீட் தளம் 10 டெசிபல் தின்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்று தளம் கீழே ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெயிலைத் தடுக்க ஐடி பார்க்குகளில் போடும் உலோகப் பூச்சுக் கண்ணாடி ரேடியோ அலைகளையும் சேர்த்துத் தடுக்கிறது.

அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பு இதற்கு ஒரு எளிய முறை வைத்திருக்கிறது. ஒவ்வொரு தளத்தையும் 20 சம கட்டங்களாகப் பிரி. ஒவ்வொன்றிலும் நின்று பேசிப் பார். 95 சதவீத இடத்தில் பேச்சு புரிய வேண்டும். 'புரிய' என்பதற்கும் அளவு உண்டு: கொஞ்சம் கவனித்தால் புரிகிறது, எப்போதாவது திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது பாஸ். தேறாத கட்டடம் தன் செலவில் உள்ளே பெருக்கிகளும் ஆன்டெனாக்களும் பொருத்த வேண்டும். செலவு கட்டட உரிமையாளருடையது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் எங்கே நிற்கிறோம்?

தேசியக் கட்டடக் குறியீடு 2016-இன் நான்காம் பகுதி, 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றை உயரமான கட்டடங்களாகக் கொள்கிறது. ஸ்பிரிங்க்ளர், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் விரிவாக உண்டு. ஆனால் அதை மாநிலங்கள் தங்கள் விதிகளில் ஏற்றால்தான் பல் முளைக்கும். பெங்களூரில் 90 மீட்டர் எட்டும் ஏணி வண்டி இருக்கிறது, 2023-ல் வந்தது, படமெல்லாம் வைரலானது. ரிப்பீட்டர் வைரலாகாது, அதுதான் சிக்கல்.

2018 ஜூனில் டிராய், காவல், தீயணைப்பு, பேரிடர் படைகள் எல்லாவற்றுக்கும் நாடு முழுக்க ஒரே பிராட்பேண்ட் வலையமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் இதே யோசனை 9/11-க்குப் பிறகு பேசிப் பேசி 2012-ல்தான் ஃபர்ஸ்ட்நெட் சட்டமாக வந்தது. பிரிட்டனில் ஏர்வேவுக்கு மாற்றாக 2015-ல் தொடங்கிய திட்டம் வருடக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் புது வலையமைப்பு வரும்வரை காத்திருப்பதை நான் நம்பவில்லை. பணம் இல்லை என்பதும் முழுக் காரணம் இல்லை: மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க 2023-ல் மத்திய அரசு 5,000 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. கட்டுப்பாட்டு அறைகளுக்கு இடையே ஒரு இணைப்புக் கருவி, எல்லாக் கைக்கருவியிலும் முன்கூட்டியே ஏற்றிய ஒரு பொது சேனல், சங்கேத எண்களுக்குப் பதில் நேரடிக் கன்னடம், இதெல்லாம் மலிவான வேலைகள்.

உங்க கட்டடத்துக்கு வருவோம்

பேஸ்மென்ட்டில் ஃபோன் எடுக்கிறது என்பதால் தீயணைப்பு ரேடியோவும் எடுக்கும் என்று நினைக்காதீர்கள். அங்கே டெலிகாம் கம்பெனி பொருத்திய ஆன்டெனா பெருக்குவது மொபைல் அலைவரிசையை மட்டும்தான். செக்யூரிட்டி அண்ணா கையில் இருக்கும் வாக்கி-டாக்கியும் உதவாது. உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கும், தீயணைப்புத் துறையினுடையது தொலைத்தொடர்புத் துறை தனியாக ஒதுக்கிய அலைவரிசை. தீ அன்று இருவரும் கத்தித்தான் பேச வேண்டும்.

அடுத்த ஃபயர் டிரில் நடக்கும்போது தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தால், அவர்கள் கைக்கருவியோடு ஒருவரைக் கடைசி பேஸ்மென்ட், படிக்கட்டுக் கூண்டு, லிஃப்ட் முகப்பு மூன்றிலும் நிறுத்தி, வாசலில் நிற்கும் வண்டியோடு பேசிப் பார்க்கச் சொல்லி உங்க ஃபெசிலிட்டி மேனேஜரிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலை. எங்கே கேட்கவில்லை என்பதை மாடி வரைபடத்தில் குறித்து, அதை ஃபயர் கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கேட்காத இடத்தில் இடையில் ஒருவரை நிறுத்தித் தகவலைக் கடத்தலாம் என்பதாவது வருகிறவர்களுக்கு முன்பே தெரியும்.

நகர அளவில் கேட்க ஆர்டிஐ இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும், அதனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிக்காதீர்கள். முதல் மனுவில் இதைக் கேளுங்கள்: நகரில் கடைசியாகக் கைக்கருவியை வைத்து ரேடியோ கவரேஜ் சோதனை நடந்த தேதி, சோதித்த இடங்களின் பட்டியல், இடம்வாரியாக முடிவு. இரண்டாவது மனு, போலீஸோடும் 108-ஓடும் பொது சேனலில் கூட்டுப் பயிற்சி நடந்த தேதிகள். 30 நாளில் பதில் வரவேண்டும். பிடிஎஃப்-ஆக வந்தால், தயவுசெய்து அதை எக்செல்லுக்கு மாற்றிவிட்டு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.