பென்சிலின் முதல் என்.டி.எம்-1 வரை: மாணவர்களுக்கு ஒரு பழைய கதை

மலர்க் குழுவினர், "சார், மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுத எங்கள் செட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் ஆன்டிபயாடிக்கின் கதையை எடுத்துக்கொண்டேன். பார்மகாலஜி புத்தகத்தில் மருந்துகள் எல்லாம் இருக்கும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது அதில் அவ்வளவாகத் தெரியாது. ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரியாத ரகசியமாக ஒருநாளும் இருந்ததில்லை. தெரிந்ததைப் பேனா முனைக்குக் கொண்டு வராததுதான் நம் தொல்லை.

லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928-ல். அதை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின் குழுவினர். 1941 பிப்ரவரியில், முகமெல்லாம் சீழ் பிடித்துச் சாகக் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். சில நாட்களிலேயே காய்ச்சல் இறங்கி, சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் கைவசம் இருந்த மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை, மார்ச் மாதம் இறந்துபோனார்.

இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். இன்னொன்றை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தப் போலீஸ்காரருக்கு ஊசி போடுவதற்கு முன்பே, 1940 டிசம்பரில், அதே குழுவைச் சேர்ந்த ஆபிரகாமும் செயினும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். பென்சிலினை அழிக்கும் என்சைம் சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது என்பதே அதன் சாரம். அதாவது, மருந்து வார்டுக்கு வருவதற்கு முன்பே எதிர்ப்பு பற்றிய செய்தி வந்துவிட்டது! 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையில் ஃபிளெமிங்கும் இதையே எச்சரித்தார். யார் வேண்டுமானாலும் கடையில் பென்சிலின் வாங்கும் காலம் வரலாம், அறியாதவர்கள் குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமியைப் பழக்கிவிடுவார்கள் என்றார். பென்சிலினுக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸுக்காக 1960-ஐ ஒட்டி மெத்திசிலின் வந்தது. அதையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் 1961-லேயே பதிவாகிவிட்டது. இன்று நாம் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று அழைப்பது அதைத்தான்.

அடுத்தது காசநோய். 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர். 1948-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தன் பரிசோதனை முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் தனி ஒரு மருந்தாகக் கொடுத்ததால் கிருமி எதிர்ப்பு பெற்றுவிட்டது. நாளாக ஆக அந்த வெற்றியில் பெரும்பகுதி கரைந்தது. ஸ்ட்ரெப்டோமைசினோடு பி.ஏ.எஸ். சேர்த்துக் கொடுத்தால் எதிர்ப்பு தலைதூக்குவது குறைகிறது என்று அதன் பிறகே கண்டுகொண்டார்கள்.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நம் ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு எல்லாம் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. 193 நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஐசோனியசிட், பி.ஏ.எஸ். இரண்டையும் ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் சாப்பாடும் சுமார், ஓய்வும் குறைவு. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் வெளியான முடிவு சொன்னது. சரியான கூட்டு மருந்தை, சரியான காலம் வரை, ஒழுங்காகச் சாப்பிட வைப்பதே முக்கியம் என்ற பாடம் உலகத்துக்குப் போனது. நோயாளி கண் முன்னால் மாத்திரை விழுங்குவதைப் பார்க்கும் முறைக்கும் சென்னை ஆய்வுகள் ஒரு வேர். இவ்வளவு தெரிந்த ஊர் நம்முடையது.

நாங்கள் 1980-களின் தொடக்கத்தில் வார்டுக்குப் போனபோது டைபாய்டு என்றால் குளோரம்பெனிகால், கேள்வியே கிடையாது. அதற்கும் எதிர்ப்பு வரலாம் என்பதை 1972-லேயே பக்கத்துக் கோழிக்கோடு காட்டியிருந்தது. 1990-ஐ ஒட்டி, பல மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் டைபாய்டு கிருமி நாட்டில் பரவலானது. உடனே எல்லோரும் சிப்ரோபிளாக்ஸசினுக்கு மாறினோம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதுவும் தளர்ந்தது. பிறகு செஃப்ட்ரையாக்சோன், அசித்ரோமைசின். வேடிக்கை என்னவென்றால், நாம் கைவிட்ட குளோரம்பெனிகாலுக்குப் பல இடங்களில் கிருமி மறுபடி கட்டுப்பட ஆரம்பித்தது. மருந்தைக் கொஞ்சகாலம் சும்மா விட்டால் அதற்கும் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி.

2010 ஆகஸ்டில் என்.டி.எம்-1 செய்தி வந்தபோது பத்திரிகைகளில் ஒரே அமளி. டெல்லியின் பெயரை எப்படி ஒரு என்சைமுக்கு வைக்கலாம் என்பதில்தான் சண்டை முழுவதும். கார்பபெனம் வகை மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்சைம் அது. 'லான்செட்' குழும இதழில் வந்த அந்தக் கட்டுரையில், சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா-பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 கிருமி மாதிரிகளில் அது இருந்ததாகக் கணக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் ஆசிரியராகப் பெயர் போட்டிருந்தவர் கார்த்திகேயன் குமாரசாமி; சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். ஷாட்ஸைப் போல இவரும் மாணவர்தான் என்பதை இன்றைய மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அமளி அடங்கியதும் சில நல்ல காரியங்களும் நடந்தன. 2012-ல் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை அமலுக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்றால், எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஆன்டிபயாடிக்கை முறையாகப் பயன்படுத்துவதும் ஒரு பாடமாகச் சேர்ந்தது. ஆனால் அதே 2019-ல், எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று பின்னர் வந்த மதிப்பீடு கூறுகிறது.

வைவாவில் கேட்டால் இன்றைய மாணவர்கள் எங்களைவிட நன்றாகவே பதில் சொல்கிறார்கள். பீட்டா-லாக்டமேஸ் வகைகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். அதே பிள்ளைக்கு ஹாஸ்டலில் சளி பிடித்தால், ரூம்மேட் மிச்சம் வைத்த அசித்ரோமைசின் இரண்டு மாத்திரை உள்ளே போகிறது. இன்டர்ன்ஷிப்பில் "சீனியர் எழுதினார், நானும் எழுதினேன்" என்கிற பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. பாடம் மூளையில் இருக்கிறது, பழக்கம் கையில் இருக்கிறது. பிராக்டிஸ் தொடங்கி, "ஊசி போடுங்க, ஸ்ட்ராங்கா மாத்திரை கொடுங்க டாக்டர்" என்று எதிரே உட்கார்ந்து கேட்கும்போது ஜெயிப்பது கைதான்.

ஆகவே தம்பி, தங்கைகளே, ஒரு ஆன்டிபயாடிக் எழுதுமுன் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது பாக்டீரியாவா, வைரஸா? முதல் டோஸுக்கு முன்னால் கல்ச்சர் எடுக்க முடியுமா? இதைவிடக் குறுகிய வீச்சுள்ள மருந்து போதாதா? என்றைக்கு நிறுத்தப் போகிறேன்? சீனியரிடம் "ஏன் சார் இந்த மருந்து?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டால் கோபிக்காதீர்கள் என்று என் வயதுக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மலரைப் படிக்கும் பழைய மாணவர்களில் பலர் இன்று துறைத் தலைவர்கள், நர்சிங் ஹோம் நடத்துபவர்கள். ரவுண்ட்ஸில் ஒரு நாளைக்கு ஒரு நோயாளிக்காவது, மருந்து ஏன் கொடுக்கவில்லை என்பதை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். கொடுப்பதை அவர்கள் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். கொடுக்காமல் இருப்பதை நாம்தான் வாய் திறந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.