துத்தப் பச்சை

பொங்கலுக்கு முன்னால் இடைசெவல் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். கோவில்பட்டிக் கடையில் கொடுத்த ஷேடு கார்டில் 'மின்ட் கிரீன்' என்று ஒரு நிறம். அம்மா பார்த்ததும், "இது நம்ம பழைய துத்தப் பச்சைல்லா?" என்றாள்.

ஆச்சி காலத்தில் அதை வீட்டிலேயே கலப்பார்கள். கல் சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் பானை கொதிக்கும். "எட்டிப் போல, கண்ணு அவிஞ்சிரும்" என்று ஆச்சி விரட்டுவாள். நீறி அடங்கியதும் வெந்நீரில் கரைத்த மயில்துத்தத்தை அளவாக ஊற்றுவாள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதே காப்பர் சல்பேட். வெள்ளைச் சுண்ணாம்பு இளநீலமாகும். சுவரேறிய பிறகு மெல்லப் பச்சைக்கு நகரும்.

ஐரோப்பாவும் செம்பிலிருந்துதான் பச்சை எடுத்தது. 1775-ல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, செம்போடு ஆர்சனிக்கைச் சேர்த்தார். மலிவான, பளிச்சென்ற பச்சை. 1814-ல் அதைவிடப் பளபளப்பான இன்னொரு ஆர்சனிக் பச்சை வந்தது. சுவர்க் காகிதம், உடை, செயற்கைப் பூ என்று எல்லாவற்றிலும் அது ஏறியது. 1861-ல் லண்டனில், செயற்கை இலைகளுக்கு அந்தப் பொடியைத் தூவும் வேலை செய்த மடில்டா ஷூரர் இறந்தபோது அவளுக்கு வயது 19.

அழகான சுவர்க் காகிதங்களால் புகழ்பெற்ற வில்லியம் மோரிஸின் குடும்பச் சொத்து, ஆர்சனிக்கும் எடுத்த ஒரு செம்புச் சுரங்கத்தின் பங்குகளிலிருந்து வந்தது. காகிதம் ஆளைக் கொல்கிறது என்ற பேச்சை 1885-லும் அவர் டாக்டர்களின் பிரமை என்றுதான் ஒதுக்கினார். 1890-களில் இத்தாலியின் பார்தொலோமியோ கோசியோ காரணம் ஒன்றைக் காட்டினார்: ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சை, ஆர்சனிக் நிறமியிலிருந்து பூண்டு வாடை அடிக்கும் நச்சு வாயுவை வெளியிடும்.

பிரான்சின் போர்தோ பக்கம் வேறொரு கதை. சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க, விவசாயிகள் அதன்மேல் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்துவைத்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் பூஞ்சை நோய் வரவில்லை என்பதை மிலார்தே 1882-ல் கவனித்தார். 1885-ல் அது 'போர்தோ கலவை' ஆனது. இன்றும் தோட்டங்களில் அடிக்கிறார்கள்.

ஆக, ஆச்சி பானையில் கலக்கியது ஏறக்குறைய ஒரு பூஞ்சைக்கொல்லி.

உடனே 'அந்தக் காலத்திலேயே நம் முன்னோர்' என்று ஒரு ஃபார்வர்டு தயாரித்துவிட வேண்டாம். ஆச்சிக்கு அந்தச் செய்தியெல்லாம் தெரியாது. துத்தம் மலிவு, நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி. கரிசல் வெயிலில் அது போதும். அந்தப் பச்சையும் யாரையும் சுடாமல் சுவரேறவில்லை. வெள்ளையடிக்க வருகிற தாத்தா கைகால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டுதான் மட்டையைத் தொடுவார். அப்படியும் சாயங்காலம் விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கும்.

நிறத்தின் விலையை அறைக்குள் உட்காருகிறவருக்கு முன்பே, அதைத் தூவுகிறவரும் பூசுகிறவரும் கொடுத்துவிடுகிறார்கள். ஷேடு கார்டில் அறை மட்டும்தான் தெரிகிறது.

வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல்தான் வந்தது. எங்கள் கதவு, ஜன்னல்களில் இருப்பது அதற்கு முந்தைய எனாமல். அடுத்த வாரம் ஒருவர் வந்து அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போகிறார்.

அம்மாவிடம், மின்ட் கிரீனே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தேய்க்கிறவருக்கு நல்ல முகமூடி ஒன்று வாங்க வேண்டும். கதவை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.