பேராக்கில் ஆசிரியப் பணியும் பொழுதுபோக்குப் பணிகளும்: செயற்கை நுண்ணறிவின் தாக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பள்ளி ஆசிரியர், சுற்றுலா வழிகாட்டி, கேளிக்கைப் பூங்கா ஊழியர், விளையாட்டு நடுவர் ஆகியோரின் வேலையில் இயந்திரம் எதை, எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதே இங்கு ஒப்பிடப்படுகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்து, ரப்பர்த் தோட்டங்கள் சுருங்கியபின், ஈப்போ வட்டாரத்துத் தமிழர்களுக்கு இந்த ஒப்பீடு பிழைப்பைப் பற்றியது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013இல் அமெரிக்காவின் 702 வேலைகளை ஆராய்ந்தனர். தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலை கணினிமயமாகும் வாய்ப்பு 0.44 விழுக்காடுதான், ஆசிரியரின் உதவியாளருக்கோ 56. பொழுதுபோக்கு வழியாக நோயாளிகளுக்குச் சிகிச்சை தருபவருக்கு 0.28, அதாவது பட்டியலிலேயே மிகக் குறைவு. கேளிக்கைக்கூட ஊழியருக்கு 72, நடுவருக்கு 98. ஆகவே பெரிய இடைவெளி துறைகளுக்கு நடுவே இல்லை. ஒவ்வொரு துறைக்குள்ளும் இருக்கிறது. பத்தாண்டுக்குப் பின் காற்று திசை மாறியது. மொழி மாதிரிகளின் தாக்கத்தை 2023இல் அளந்த ஃபெல்டன், ராஜ், சீமன்ஸ் ஆகியோரின் ஆய்வில், தொலைபேசி விற்பனையாளருக்கு அடுத்த வரிசைகளில் இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் உயர்கல்வி ஆசிரியர்கள் வந்தனர். ஆனால் இது தாக்கத்தின் அளவு. வேலையிழப்பின் கணக்கு அல்ல.

நடுவரைப் பற்றிய கணிப்பைப் பேராக்கிலேயே சோதிக்கலாம். ஈப்போவில் நடக்கும் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிப் போட்டியில் நடுவருக்குத் துணையாகக் காணொளி வந்தது. நடுவர் திடலை விட்டுப் போகவில்லை. 2025இல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி கோட்டு நடுவர்களை நீக்கியதும் உண்மைதான். ஆனால் அவ்வளவு செலவு செய்யும் போட்டிகள் சிலவே. சுற்றுலாவில் நுழைவுச்சீட்டு முகப்பை இணையம் எளிதில் விழுங்கும். குவா தெம்புருங் குகைக்குள் பயணிகளை அழைத்துச் செல்பவரையும், கம்பார் ஆற்றில் படகு செலுத்துபவரையும் விழுங்காது. ஆசிரியருக்கும் அப்படியே: நாள் பாடத்திட்டம், தேர்வுத்தாள், அறிக்கை ஆகியவற்றை இயந்திரம் எழுதித் தரும், முதலாம் ஆண்டுப் பிள்ளையை உட்கார வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கவைப்பது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

இந்த அளவீடுகள் கண்ணில் படாமல் விட்ட ஒன்றைத் தோட்ட வரலாறு காட்டுகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இயந்திரம் பரவலாகாமலே பால்வெட்டுத் தொழிலாளியின் வேலை போய்விட்டது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், ரப்பருக்குப் பதில் செம்பனை, பிறகு வீடமைப்பு நிலம் என வந்த மாற்றங்களே தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைக் காலி செய்தன. பொழுதுபோக்குத் துறையிலும் இதே கதைதான். 2017இல் ஈப்போவில் திறக்கப்பட்ட மேப்ஸ் அசைவூட்டப் பூங்கா 2020 தொடக்கத்தில் மூடப்பட்டது. அங்கு வேலையைப் பறித்தது கடன், கணினி அல்ல.

தோட்டத்தில் ஆசிரியப் பணியும் பொழுதுபோக்குப் பணியும் ஒருவரிடமே இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களைப் பள்ளி நடத்தப் பணித்தபோது, பல இடங்களில் கிராணி எனப்படும் தோட்ட எழுத்தரோ எழுத்தறிந்த தொழிலாளியோதான் வாத்தியார். பின்வந்த தோட்டத்து வாத்தியார்கள் நாடகம் பழக்கினார்கள், பந்து விளையாட்டு நடத்தினார்கள், ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தார்கள். கடிதத்தை இன்று கைப்பேசி எழுதிவிடும். நாடகமும் பந்தும் புறப்பாட நடவடிக்கை என்ற பெயரில் ஆசிரியரிடமே தொடர்கின்றன.

நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் மிகுந்த மாநிலம் பேராக். 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. தோட்டத்தில் தங்கிப்போன பல பள்ளிகள் இந்த வகையில் சேர்ந்துவிட்டன. சில, பிள்ளைகள் குடிபெயர்ந்த நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு இடம் மாறின. இப்பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்களை இப்போதைக்குத் தீர்மானிப்பது மென்பொருளைவிட ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டில் பதியும் பிள்ளைகளின் எண்ணிக்கையே.